விசாரணை மேசையும் திரைக்கதையும்: சமூக யதார்த்தப் படங்களில் குடியேறிகள்

2023இல் வெளியான 'கிரீன் பார்டர்' என்ற போலந்துப் படம், பெலாரஸ் எல்லையிலுள்ள காடுகளில் இரு நாட்டுக் காவலர்களாலும் மாறி மாறித் துரத்தப்படும் அகதிகளைக் காட்டியது. இயக்குநர் அக்னியெஷ்கா ஹோலண்டுக்கு வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்த அதே மாதத்தில், அன்றைய போலந்து அமைச்சர்கள் படத்தை நாட்டுக்கு எதிரான பிரச்சாரம் என்று தாக்கினார்கள். திரையரங்குகளில் படத்துக்கு முன்னால் அரசின் விளக்கக் காணொளி காட்டப்பட வேண்டும் என்றும் அரசு கூறியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' எதிர்கொண்ட கண்டனமோ வேறு திசையிலிருந்து வந்தது. ஈழத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் மீது பரிவு காட்டுவதற்காக, பிரெஞ்சுப் புறநகர்க் குடியிருப்பு முழுவதையும் அது போர்க்களமாகச் சித்திரித்துவிட்டது என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள்.

ஒரே வகையைச் சேர்ந்த படங்கள் சிலருக்கு அளவுக்கு மீறிய பரிவாகவும் வேறு சிலருக்குப் பழிசுமத்தலாகவும் தெரிவது ஏன்? இதற்கு விடை தேட, முதலில் சமூக யதார்த்தம் என்பது என்ன, சட்டம் குடியேறிகளை எப்படி வகைப்படுத்துகிறது என்ற இரண்டையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எதைச் சமூக யதார்த்தம் என்கிறோம்

ஏழைகள் வரும் படமெல்லாம் சமூக யதார்த்தப் படமாகிவிடாது. ஒரு மனிதருடைய துன்பத்தின் காரணத்தை அவருடைய தலைவிதியிலோ ஒரு வில்லனின் கெட்ட குணத்திலோ தேடாமல், கூலியும் வாடகையும் கடனும் சட்டமும் அலுவலகமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஏற்பாட்டில் தேடுகின்ற படத்தையே அப்பெயரால் குறிக்கிறோம். உண்மையான தெருக்கள், இயல்பான வெளிச்சம், தொழில்முறை நடிகர் அல்லாதவர்கள் ஆகியவற்றை இதன் அடையாளங்களாகச் சொல்வது வழக்கம். அவை கருவிகள்தாம், அவற்றை வைத்துக்கொண்டு பொய்யான படமும் எடுக்கலாம்.

இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தில் ஒரு சிறு காட்சி வருகிறது. நாயகனுக்குக் கிடைத்த சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். அடகிலிருக்கும் சைக்கிளை மீட்பதற்காக மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறார். கடை ஊழியர் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு உள்ளே போய், கூரை வரை எழும்பியிருக்கும் அடுக்குகளின் மீது ஏறிச் செருகுகிறார். அடுக்கு முழுவதும் அதே போன்ற விரிப்பு மூட்டைகள். சில விநாடிகளில் ஒரு குடும்பத்தின் நெருக்கடி ரோம் நகரத்தின் நெருக்கடியாகிவிடுகிறது. அதைச் சொல்ல ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை. இந்த வகைப் படத்தின் இலக்கணம் முழுவதும் இக்காட்சியில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன்.

சட்டம் பிரிக்கும் நான்கு பெட்டிகள்

குடியேறிகளைப் பற்றிய படங்களைப் புரிந்துகொள்ள, செய்திகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தப்படும் நான்கு சொற்களைப் பிரித்தறிய வேண்டும்.

1. புலம்பெயர்ந்த தொழிலாளி: வேலைக்காக வந்தவர். மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியுடனும், 1961இல் துருக்கியுடனும், 1963இல் மொராக்கோவுடனும் ஒப்பந்தம் செய்து இவர்களைத் தானே அழைத்துக்கொண்டது. 'விருந்தினர் தொழிலாளர்' என்று பெயரிட்டதிலேயே திரும்பிப் போய்விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 1973இல் அந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

2. அகதி: 1951ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தின்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உடையவர். பசி, நோய், கடன் ஆகியவை இந்த ஐந்தில் இல்லை.

3. தஞ்சம் கோருபவர்: தாம் அகதி என்று சொல்லி விண்ணப்பித்து, முடிவுக்காகக் காத்திருப்பவர்.

4. ஆவணமற்றவர்: விண்ணப்பம் மறுக்கப்பட்டோ, அனுமதிக் காலம் முடிந்தோ, தொடக்கத்திலிருந்தே அனுமதி இல்லாமலோ தங்கியிருப்பவர்.

ஒரே மனிதர் சில ஆண்டுகளுக்குள் இவற்றில் பலவாகவும் இருந்துவிட முடியும். அவர் எந்தப் பெட்டியில் விழுகிறார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர் சொல்லும் கதைதான். திரைக்கதையும் தஞ்ச விசாரணையும் சந்திக்கும் இடம் இதுவே.

கதை கேட்கும் அலுவலகம்

போரிலிருந்தோ சிறையிலிருந்தோ தப்பி வருபவரிடம் சாட்சியோ ஆவணமோ இருப்பது அரிது. ஆகவே அதிகாரி எதிரில் அமர்ந்திருப்பவரின் சொல்லை மட்டுமே எடைபோட வேண்டியிருக்கிறது. நாள், இடம், பெயர் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, விவரிப்பில் நேரில் கண்டவரின் நுணுக்கம் இருக்கிறதா, முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண் உண்டா என்று பார்க்கிறார். வதையின் நினைவு வரிசையாக வராது என்பதும், அஞ்சியவர் நாளைக் குழப்பிக்கொள்வார் என்பதும் இந்த எடைபோடலைச் சிக்கலாக்குகின்றன. புலம்பெயர்ந்த தமிழரிடையே 'கேஸ் எழுதுவது' என்று வழங்கும் தனித் தொழிலே இதிலிருந்து பிறந்தது. எந்தக் கதை நிற்கும், எது விழும் என்று அறிந்தவர் பணம் வாங்கிக்கொண்டு எழுதித்தருவார்.

அண்மைக் காலப் படங்கள் இந்த மேசைக்கே திரும்பத் திரும்ப வருவது தற்செயலாகாது. பெல்ஜிய இயக்குநர்களான தார்தென் சகோதரர்களின் 'டோரி அண்ட் லோகிட்டா' (2022) லோகிட்டாவின் முகத்தை நெருக்கமாகக் காட்டியபடி தொடங்குகிறது. கேள்வி கேட்பவரின் குரல் மட்டும் கேட்கிறது. டோரி தன் தம்பிதான் என்று நிரூபித்தால்தான் அவளுக்கு ஆவணம் கிடைக்கும். அவன் உடன்பிறந்த தம்பி இல்லை. வழியில் கிடைத்த உறவு. பொய் சொல்லும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம், அவள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று விரும்பத் தொடங்கும்போது, அதிகாரி கேட்கும் கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது.

'தீபன்' படத்தில் இதே மேசை தமிழ்ப் பார்வையாளருக்கு வேறொன்றைத் திறந்து காட்டுகிறது. நடித்தவர் ஷோபாசக்தி, சிறுவயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்னர் பிரான்சில் தஞ்சம் பெற்றுத் தமிழில் எழுதிவருபவர். பாத்திரமோ இறந்துபோன ஒருவரின் கடவுச்சீட்டில், மனைவியும் மகளும் அல்லாத இருவரைக் குடும்பமாகச் சேர்த்துக்கொண்டு வந்த முன்னாள் போராளி. அதிகாரி பிரெஞ்சில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேள்வியைச் சொல்வதோடு நிற்காமல், எந்தக் கதை இங்கே எடுபடும் என்பதையும் அதே தமிழில் உணர்த்துகிறார். மேசையின் ஒரு புறத்தில் இரண்டு தமிழரின் உரையாடல், மறுபுறத்தில் எதுவும் புரியாத ஓர் அரசு. பிரெஞ்சுப் பார்வையாளர்கள் துணைத்தலைப்பைப் படித்து இதைத் தெரிந்துகொண்டார்கள். நமக்கு அது காதிலேயே விழுந்தது.

இந்த வரிசையில் மிக நுட்பமானது போரிஸ் லோஷ்கினின் 'சுலைமானின் கதை' (2024). கினி நாட்டு இளைஞன் சுலைமான் பாரிசில் சைக்கிளில் உணவு விநியோகிக்கிறான். தஞ்சம் கோரியிருப்பவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லாததால், வேறொருவரின் பெயரிலுள்ள செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்திருக்கிறான். செயலி திடீரென முகத்தைச் சரிபார்க்கக் கேட்கும். உடனே அவன் கணக்குக்காரர் இருக்கும் இடத்துக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவருடைய முகத்தைத் தொலைபேசிக்குக் காட்டிவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாட்டோடு திரும்ப வேண்டும். உழைப்பு இவனுடையது, முகமும் பெயரும் இன்னொருவருடையவை. அந்த வாடகையை வாங்கிக்கொள்ளும் கணக்குக்காரரும் ஒரு குடியேறிதான். இரவு தங்குமிடத்துக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டால் தெருதான் கதி. யாரையும் அரக்கனாக்காமல், ஒரு நாளின் நேர அட்டவணையை வைத்தே நெருக்கடி முழுவதும் காட்டப்படுகிறது.

சைக்கிளை மிதித்துக்கொண்டே அவன் மனப்பாடம் செய்வது விலைக்கு வாங்கிய ஓர் அரசியல் கைதியின் கதை. படத்தின் இறுதிப் பகுதி முழுவதும் ஒரே அறையில் நடக்கும் நேர்காணல். அதிகாரி கடுமையானவர் இல்லை, கவனமாகக் கேட்கிறார். அதனாலேயே ஒப்பித்தல் உடைந்துவிடுகிறது. பிறகு சுலைமான் உண்மையைச் சொல்கிறான். மனநலம் குன்றிய தாயின் சிகிச்சைக்குப் பணம் தேடி அவன் புறப்பட்டிருக்கிறான். அந்த உண்மை பொய்யைவிட ஆயிரம் மடங்கு கனமானது, ஆனால் ஐந்து காரணங்களில் எதிலும் அடங்காதது. முடிவு என்ன ஆயிற்று என்று படம் சொல்வதில்லை. சட்டத்தின் கண்ணில் பயனற்ற ஒரு வாழ்க்கை வரலாற்றை, இடையில் வெட்டாமல் கடைசி வரை கேட்கவைத்தது என்பதே அது செய்த பெரிய காரியம்.

எழுதும் கை யாருடையது

தன் கதையைப் பிறர் எழுதிக்கொடுக்கும் நிலை தஞ்சச் சட்டத்துக்கு மட்டும் உரியதில்லை. செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த 'பிளாக் கேர்ள்' படத்தில், செனகல் தலைநகர் டாக்கரிலிருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று பிரான்சின் ஆன்டீப் நகருக்கு அழைத்துவரப்பட்ட தியுவானா, அடுக்களைக்குள் அடைபட்ட வீட்டு வேலைக்காரியாகிறாள். ஊரிலிருந்து தாயின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. முதலாளி படித்துக் காட்டிவிட்டு, அவளைக் கேட்காமலேயே பதிலையும் எழுதத் தொடங்குகிறார்: நலமாயிருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். தாயின் கடிதத்தை அவள் கிழித்துப்போடுகிறாள். அவர்களிடம் அவள் வாய் திறந்து பேசுவது மிகக் குறைவு. ஆனால் அவளுடைய மனக்குரல் படம் முழுவதும் ஒலிக்கிறது. முதலாளிகள் ஒருபோதும் கேட்காத அந்தக் குரலைப் பார்வையாளருக்கு மட்டும் கேட்கச் செய்ததன் மூலம், யார் பக்கத்தில் உட்கார்ந்து இப்படத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் செம்பேன் முடிவுசெய்துவிட்டார். அவரே மார்செய் துறைமுகத்தில் சுமைதூக்கியவர்.

வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) இதே சிக்கலைக் காவல் நிலையத்துக்குள் வைக்கிறது. குண்டூரில் கூலிவேலை செய்து பூங்காவில் படுத்துறங்கும் தமிழ் இளைஞர்கள், தாங்கள் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்வரை அடிக்கப்படுகிறார்கள். மு. சந்திரகுமாரின் சொந்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட 'லாக்கப்' இதன் மூலம். நீதிமன்றத்தில் அவர்களுக்குத் தெலுங்கு வராது, நீதிபதிக்குத் தமிழ் வராது. தற்செயலாக அங்கிருந்த தமிழகக் காவல் ஆய்வாளர் ஒருவர் மொழிபெயர்த்ததால் மட்டுமே உண்மை வெளிவருகிறது. எல்லையைக் கடக்க கடவுச்சீட்டு தேவைப்படாத ஒரு நாட்டுக்குள்ளேயே, பக்கத்து மாநிலத்தில் ஒருவர் ஆவணமற்றவர் போல ஆகிவிட முடியும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இன்னொரு தமிழ்ப் படத்தை நான் அறியேன்.

நல்லவராக இருந்தே ஆக வேண்டுமா

தொடக்கத்தில் சொன்ன இருவகைக் கண்டனங்களுக்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. விசாரணை அதிகாரி 'இவர் தகுதியானவரா' என்று கேட்கிறார். பல படங்கள் அதிகாரியை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, அதே கேள்வியைத் தாங்களும் கேட்டு 'ஆம்' என்று பதில் சொல்கின்றன. அப்படிப் பதில் சொல்வதற்காகக் குடியேறி அப்பழுக்கற்றவராக, பொறுமைசாலியாக, நன்றியுள்ளவராக ஆக்கப்படுகிறார். இதன் விளைவு ஆபத்தானது: குற்றமற்றவர் என்பதால் இரக்கம் கிடைத்தால், குறையுள்ளவருக்கு அது கிடைக்காது என்றாகிவிடும்.

'டோரி அண்ட் லோகிட்டா' பற்றி என் குறை இதுவே. தார்தென்களின் கைத்திறன் குறையவில்லை. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளிடமும் பிழை என்று சொல்ல எதுவுமில்லை, அவர்களைச் சுற்றியுள்ள பெரியவர்களிடமோ நல்லது என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமில்லை. துயரம் கூடக்கூட, அமைப்பு எப்படி இயங்குகிறது என்ற அறிவு குறைந்துகொண்டே போகிறது. 'தீபன்' எதிர்ப்பக்கத்தில் இடறுகிறது. ஒளிரும் தலைப்பட்டைகளை இரவில் விற்றுத் திரியும் மனிதனை அவ்வளவு பொறுமையாகக் கவனித்த படம், கடைசியில் அவனைத் துப்பாக்கியோடு படியேறவைத்து, சண்டைப்பட நாயகனாக்கிவிட்டது. தகுதி இப்போது வீரத்தால் நிரூபிக்கப்படுகிறது.

இதற்கு மாறாக, ஜெர்மன் இயக்குநர் ரெய்னர் வெர்னர் ஃபாஸ்பிண்டரின் 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்' (1974) இன்றும் புதிதாகத் தெரிகிறது. மெலோட்ராமாவின், அதாவது உணர்ச்சி மிகுந்த நாடகப் பாணியின், சாயல் கொண்டது என்பதால் சிலர் இதைச் சமூக யதார்த்த வரிசையில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. மியூனிக்கில் துப்புரவு வேலை செய்யும் எம்மி என்ற முதிய விதவையும் மொராக்கோத் தொழிலாளி அலியும் மணந்துகொள்கிறார்கள். 'அலி' என்பதுகூட அவனுடைய முழுப்பெயர் இல்லை. ஜெர்மானியர்கள் அழைக்க வசதியான பெயர். மளிகைக்கடைக்காரர் அவன் பேசுவது புரியவில்லை என்று பாசாங்கு செய்கிறார். உடன் வேலை செய்யும் பெண்கள் எம்மியை ஒதுக்குகிறார்கள். மதிய உணவு வேளையில் அவள் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கைப்பிடிக் கம்பிகளின் ஊடாகக் காண்கிறோம்.

பின்னர் அக்கம்பக்கத்தாருக்கு எம்மியிடமிருந்து உதவி தேவைப்படுகிறது, ஒதுக்கல் தளர்கிறது. அப்போது வேலையிடத்துக்கு யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த புதிய பெண் ஒருத்தி சேர்கிறாள். மற்றவர்களோடு சேர்ந்து எம்மியும் அவளை ஒதுக்குகிறாள். அதே படி, அதே கம்பிகள், தனியாக அமர்ந்திருப்பவள் மட்டும் வேறு. வீட்டிலோ எம்மி கணவனின் கைத்தசையைத் தோழிகளுக்குத் தொட்டுக்காட்டுகிறாள். அவன் கேட்கும் கூஸ்கூஸ் சமைக்க மறுக்கிறாள். அலியும் அவளை ஏமாற்றுகிறான். ஒருவரும் தூயவர் இல்லை. ஆனாலும் அவர்கள் மீதான அநீதி ஒரு துளியும் குறைந்து தெரியவில்லை. வயிற்றுப்புண் முற்றி அலி விழும்போது, இவர்களைப் போன்ற தொழிலாளரிடம் இது அடிக்கடி வருவதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போகிறார்.

யாருடைய கண் வழியே

குடியேறியைப் பற்றிய படம் பெரும்பாலும் குடியேறியின் கண் வழியே நகர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தார்தென்களின் 'லா ப்ரொமெஸ்' (1996) பெல்ஜியச் சிறுவன் இகோரின் மனசாட்சியின் கதை. சாரத்திலிருந்து விழுந்து சாகவிடப்பட்ட புர்கினா ஃபாசோத் தொழிலாளியும் அவருடைய மனைவி அசீட்டாவும் அந்த மனசாட்சிக்கு வந்த சோதனை. ஆனாலும் அசீட்டா இரந்து நிற்பதில்லை, இகோருக்கு நன்றி பாராட்டிக் கரைவதுமில்லை. பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சின் 'இட்ஸ் எ ஃப்ரீ வேர்ல்ட்' (2007) துணிந்து எதிர்ப்பக்கத்துக்கே போகிறது. வேலையிழந்து கடனில் தவிக்கும் லண்டன் பெண் ஒருத்தி கிழக்கு ஐரோப்பியரை வேலைக்கு அனுப்பும் முகமை தொடங்கி, அவர்களைச் சுரண்டுகிறவளாக மாறுகிறாள். சுரண்டல் எப்படி ஓர் எளிய மனிதருக்கும் வழியாகிவிடுகிறது என்பதை அறிய இக்கண் உதவுகிறது. சுரண்டப்படுபவரை அறிய உதவுவதில்லை.

படம் முடிந்த பிறகு

இப்படங்கள் எதை மாற்றின என்ற கேள்விக்கு மிகைப்படுத்தாமல் விடை சொல்ல வேண்டும்.

1. வீடிழக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய லோச்சின் 'கேத்தி கம் ஹோம்' 1966 நவம்பரில் பிபிசியில் ஒளிபரப்பாகி, ஏறத்தாழ 1.2 கோடிப் பேரால் பார்க்கப்பட்டது. வீடற்றோருக்கான 'ஷெல்டர்' அமைப்பு சில நாட்களில் தொடங்கப்பட்டது. அமைப்பின் ஏற்பாடுகள் படத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்தன; படம் அதற்குக் காது கொடுக்கும் ஒரு நாட்டைத் தயார்செய்தது.

2. தார்தென்களின் 'ரோசெட்டா' (1999) படத்தால் பெல்ஜியத்தில் இளைஞர் வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது என்று இன்றும் எழுதப்படுகிறது. அச்சட்டம் முன்பே தயாராகிக்கொண்டிருந்தது என்பதைத் தார்தென்களே தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். படத்தின் பெயர் திட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது என்பதுதான் உண்மை.

3. தங்கள் வாழ்க்கையையே நடித்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 'பைசிக்கிள் தீவ்ஸ்' நாயகன் லம்பெர்தோ மஜோரானி ஆலைத் தொழிலாளி. படத்துக்குப் பிறகு ஆலை வேலை போய்விட்டது. லெபனான் இயக்குநர் நதீன் லபாக்கியின் 'கேபர்நாம்' (2018) படப்பிடிப்பின்போது, ஆவணமற்ற பெண்ணாக நடித்த யோர்டானோஸ் ஷிஃபெராவ் ஆவணமில்லாத காரணத்தால் உண்மையிலேயே கைதுசெய்யப்பட்டார். அதில் நடித்த சிரிய அகதிச் சிறுவன் ஜைன் அல் ரஃபியா பின்னர் குடும்பத்தோடு நார்வேயில் குடியமர்த்தப்பட்டார்.

4. சுலைமானாக நடித்த அபூ சங்காரே, கினியிலிருந்து வந்து பிரான்சில் வதிவிட அனுமதி பலமுறை மறுக்கப்பட்டவர். 2024இல் கான் விழாவின் 'அன் செர்த்தன் ரிகார்ட்' பிரிவில் சிறந்த நடிகர் விருதை வாங்கியபோதும் அவரிடம் ஆவணம் இல்லை. 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது; அது அகதித் தகுதி அல்ல, தங்கியிருந்து வேலை செய்வதற்கான தற்காலிக வதிவிட அனுமதி. படத்தில் அவருடைய பாத்திரம் நேர்காணல் அறையில் சொல்லும் உண்மையான காரணத்துக்கு, 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐந்து காரணங்களுக்குள் இன்றும் இடமில்லை.